ஆங்கில உச்சரிப்பை எங்கிருந்து தொடங்குவது?

‘பேக்’ என்று தமிழில் எழுதிப் பாருங்கள். தோளில் மாட்டும் பை ‘பேக்’. முதுகு ‘பேக்’. பெட்டியில் சாமான் அடுக்குவது ‘பேக்’. அடுமனையில் ரொட்டி சுடுவதும் ‘பேக்’தான். ஆங்கிலத்தில் இவை எழுத்திலும் ஒலியிலும் வெவ்வேறான நான்கு சொற்கள். நம் எழுத்தில் நான்கும் ஒன்றாகிவிடுகின்றன. மேலங்கியும் ஆடும் ‘கோட்’; குண்டூசியும் குப்பைத்தொட்டியும் ‘பின்’. ஆங்கில அரிச்சுவடியின் 2ஆம் எழுத்தும் 16ஆம் எழுத்தும் நமக்கு ‘பி’. 4ஆவதும் 20ஆவதும் ‘டி’.

இது தமிழ் எழுத்தின் குறை இல்லை. தமிழ் எழுத்து தமிழுக்காக அமைந்தது. அந்த வேலையை அது மிகச் சிக்கனமாகச் செய்கிறது. ‘கடல்’ என்பதில் வரும் க வேறு, ‘தங்கம்’ என்பதில் வரும் க வேறு, ‘அகம்’ என்பதில் மெலிந்து வருவது வேறு, ‘பக்கம்’ என்பதில் அழுந்தி வருவது வேறு. ஆனால் எந்த இடத்தில் எது வரும் என்பதை அந்த இடமே சொல்லிவிடுகிறது. சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் வன்மை, மெல்லினத்தின் பின் அதிர்வு, இரு உயிர்களுக்கு நடுவே தளர்வு. அந்த வேறுபாட்டால் பொருள் மாறுவதில்லை என்பதால் தனி எழுத்து தேவைப்படவில்லை. ஆங்கிலத்திலோ அதே வேறுபாட்டால்தான் பொருள் மாறுகிறது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு ஆங்கில உச்சரிப்பைக் கற்பிப்பது என்றால், இந்த இடத்தைத் தவிர்த்துவிட்டு வேறெங்கும் தொடங்க முடியாது என்று நினைக்கிறேன்.

உலகச் சந்தைக்காக அச்சாகும் பயிற்சி நூல்கள் எல்லாருக்கும் ஒரே பாடத்தை வைக்கின்றன. ஜப்பானியருக்கு ரகரமும் லகரமும் குழம்பும். ஸ்பானிய மொழிக்காரருக்குக் கப்பலைக் குறிக்கும் ‘ஷிப்’பும் செம்மறியாட்டைக் குறிக்கும் ‘ஷீப்’பும் குழம்பும். தமிழ்க் குழந்தைக்கு இரண்டிலும் சிக்கல் இல்லை. அது ல, ள, ழ, ர கேட்டு வளர்ந்த காது. குறில் நெடில் தெரியாமல் தமிழில் ஒரு வரி பேச முடியாது. ஆனாலும் நம் ஊர் ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ வகுப்புகளில் அந்த நூல்களின் வரிசைப்படியே ‘ஷிப்’, ‘ஷீப்’ என்று நாள்கள் கழிகின்றன. நமக்கு உண்மையில் இடறும் இடங்களுக்கு வரும்போது நேரம் தீர்ந்துபோகிறது.

இடறும் இடங்களில் முதன்மையானது சொல்முதல் வல்லினம். தமிழர் குண்டூசி என்று நினைத்துத் தெளிவாகவே ‘பின்’ என்கிறார். லண்டன்காரர் காதில் குப்பைத்தொட்டி விழுகிறது. ஏன் என்பதற்கு அளந்து பார்த்த விடை இருக்கிறது. லீ லிஸ்கர், ஆர்தர் ஏபிரம்சன் என்ற அமெரிக்க ஒலியியலாளர்கள் 1964இல் 11 மொழிகளின் சொல்முதல் வல்லொலிகளை அளந்தார்கள். அவற்றில் தமிழும் ஒன்று. உதடு திறந்த கணத்துக்கும் குரல்நாண் அதிரத் தொடங்கும் கணத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. ஆங்கிலத்தின் வன்மையான பகரத்துக்கு ஏறத்தாழ 60 மில்லி விநாடி, ககரத்துக்கு 80. தமிழில் பகரத்துக்குப் பத்துச் சொச்சம், ககரத்துக்கு இருபதுச் சொச்சம். ஆங்கிலக் காது இந்த இடைவெளி 25, 30 மில்லி விநாடிக்குக் கீழே இருந்தால் அதை மெல்லோசையான பகரமாகவே வகைப்படுத்துகிறது. ஆக, நம்முடைய நல்ல, அழுத்தமான ‘ப’ அவர்கள் கணக்கில் எல்லைக்கு அந்தப் பக்கம் விழுகிறது. பேசியவர் தவறாகப் பேசவில்லை, கேட்டவர் கவனக்குறைவாகக் கேட்கவும் இல்லை. இரண்டு மொழிகள் கோட்டை வெவ்வேறு இடத்தில் போட்டிருக்கின்றன.

இதைத் தெரிந்துகொண்டால் பாடம் எளிதாகிறது. அந்த 60 மில்லி விநாடியில் வெளியே வருவது மூச்சு. ஒரு மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால் பிடித்துக்கொண்டு ‘பேப்பர்’ என்று சொல்லச் சொன்னால், தமிழில் சொல்வதுபோல் சொன்னவரின் காகிதம் அசையாது. முதல் எழுத்தை மூச்சுவிட்டுச் சொன்னால் காகிதம் துள்ளும். மாணவர் தன் கண்ணாலேயே சரி, தவறு பார்த்துக்கொள்ளலாம். பழைய உத்திதான்; ஆனால் ஒரு மணி நேரத்தில் இவ்வளவு பலன் தரும் வேறு பயிற்சி எனக்குத் தெரியாது. ககரத்துக்குக் காகிதம் அவ்வளவாக உதவாது, உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்துச் சூட்டை உணரச் சொல்ல வேண்டும். இந்தி, தெலுங்கு, கன்னடம் தெரிந்த மாணவர் வகுப்பில் இருந்தால் அவர் மொழியில் இதற்குத் தனி எழுத்தே இருப்பதைக் காட்டலாம்.

சொல்லின் கடைசியில் வருவது வேறு வகைச் சிக்கல். தொப்பியும் வாடகைக் காரும், இருக்கையும் விதையும், முதுகும் பையும் கடைசி ஒலியில்தான் பிரிகின்றன என்று நூல்கள் சொல்லும். ஆனால் ஆங்கிலேயர் அந்தக் கடைசி ஒலியை வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுவதும் உண்டு; அப்போதும் கேட்பவருக்குப் புரிகிறது. காரணம், அதற்கு முன்னால் வரும் உயிரின் நீளம். அதிர்வொலிக்கு முன்னால் உயிர் நீள்கிறது, வல்லொலிக்கு முன்னால் வெட்டுப்பட்டுக் குறுகுகிறது. விதைக்கு உரிய ‘ஸீட்’ நீளம், இருக்கைக்கு உரிய ‘ஸீட்’ குட்டை. நீளத்தைக் கேட்பதில் தமிழ்க் காதுக்கு நிகர் குறைவு. எனவே கடைசி எழுத்தோடு மல்லுக்கட்டாமல், முன்னால் உள்ள உயிரை நீட்டவோ குறுக்கவோ சொல்லிக் கொடுத்தால் வேலை முடிகிறது. நம்மிடம் இருக்கும் திறனைக் கொண்டே இல்லாத ஒலியை வரவைக்கும் வழி இது. இதைச் செய்யும் ஆசிரியர்கள் குறைவு என்பது வருத்தம்.

அந்தக் கடைசியிலேயே இன்னொன்று ஒட்டிக்கொள்கிறது. ‘புக்கு’, ‘பஸ்ஸு’, ‘ரோடு’. சொல்லின் ஈற்றில் வரக்கூடியவை 24 என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது: உயிர் 12, ஞ ண ந ம ன ய ர ல வ ழ ள என்னும் மெய் 11, குற்றியலுகரம் 1. வல்லின மெய் இந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்ச் சொல் வல்லினத்தில் நிற்காது. நிற்க வேண்டி வந்தால் அரை மாத்திரை உகரத்தைத் துணைக்கு எடுத்துக்கொள்ளும். ஆங்கிலச் சொல் நம் வாயில் அந்த உகரத்தோடு வெளிவருவது அறியாமையால் இல்லை, ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளாக நிற்கும் ஒரு விதியால். இதைச் சொல்லிக் கொடுத்தால் மாணவர் முகத்தில் ஏற்படும் மாற்றத்தைப் பார்க்க வேண்டும். ‘தப்பாகப் பேசுகிறாய்’ என்று கேட்டுக் கூனிப்போயிருந்தவருக்கு, தான் ஓர் இலக்கணத்தைப் பின்பற்றுகிறோம் என்பது தெரிகிறது. அந்த இலக்கணத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவைக்கப் பழகுவது அதன் பிறகு பெரிய காரியமாக இருப்பதில்லை. ‘இஸ்கூல்’, ‘இஸ்டேஷன்’ என்று முன்னால் இகரம் சேர்வதும் இதே வகைதான். இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வரும் மெய்மயக்கத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது.

இரட்டிப்பையும் இங்கேயே சொல்லிவிடலாம். ‘பேப்பர்’, ‘சிட்டி’, ‘டிக்கெட்’ என்று நடுவில் வல்லினத்தை இரட்டித்து எழுதுகிறோம். ஒற்றையாக எழுதினால் தளர்ந்து ஒலித்துவிடும் என்பதால் நம் எழுத்து கண்ட வழி அது. ஆனால் எழுதியபடியே இரட்டித்துச் சொல்லவும் செய்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் மெய் இரட்டித்து ஒலிப்பதில்லை. எழுத்தில் இரண்டு இருந்தாலும் ஒலியில் ஒன்றுதான். இதனால் பொருள் பெரும்பாலும் கெடாது, பேச்சின் ஓட்டம் மட்டும் தட்டித் தட்டி நிற்கும். முதல் வரிசைப் பாடமாக இதை வைக்க மாட்டேன்.

எதை முதல் வரிசையில் வைப்பது, எதை விட்டுவிடுவது என்பதுதான் இந்தத் துறையின் பழைய சண்டை.

பாரிஸில் 1886இல் தொடங்கிய அமைப்பே பின்னர் பன்னாட்டு ஒலியியல் கழகம் ஆயிற்று. அதைத் தொடங்கியவர்கள் மொழி ஆசிரியர்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எழுத்தைப் பார்த்து ஒலியை ஊகிக்க முடியாத மொழிகளைக் கற்பிக்க, ஒலிக்கு ஒரு குறி என்ற முறை அவர்களுக்குத் தேவைப்பட்டது. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியின் டேனியல் ஜோன்ஸ் 1917இல் ஆங்கில உச்சரிப்பு அகராதியை வெளியிட்டார். இங்கிலாந்தின் உயர்தட்டு விடுதிப் பள்ளிகளில் படித்த, மக்கள்தொகையில் மிகச் சிறிய பகுதியினர் பேசிய உச்சரிப்பே அதில் பதிவானது. அதை ஒரு பதிவு என்றே ஜோன்ஸ் கருதினார். எல்லாரும் அப்படிப் பேச வேண்டும் என்று அவர் விதி போடவில்லை. உலகம் முழுவதும் இருந்த ஆங்கில வகுப்புகள்தாம் அதை விதியாக்கிக்கொண்டன. மெய் 24, உயிர் 20, மொத்தம் 44 ஒலிகள் என்று நம் கல்லூரிகளில் இன்றும் மனப்பாடம் செய்யும் கணக்கு அந்த வழியில் வந்ததே. பல இளங்கலை வகுப்புகளில் ஒலியியல் தாள் உண்டு. மாணவர்கள் சொற்களை ஒலிக்குறிகளில் அழகாகப் பெயர்த்து எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். அந்தச் சொற்களை வாய்விட்டுச் சொல்லும் தேர்வு மட்டும் பல இடங்களில் நடப்பதில்லை.

எடின்பரோவின் ஒலியியலாளர் டேவிட் அபர்குரோம்பி 1949இலேயே இதற்கு மாற்று சொன்னார். கற்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தேவை, கேட்பவர் சிரமமின்றிப் புரிந்துகொள்ளும் அளவுக்கான உச்சரிப்பு மட்டுமே என்றார். ஒற்றர்களாகப் போகிறவர்களும் ஆங்கில ஆசிரியர்களாகப் போகிறவர்களும் மட்டும் அதற்கு மேல் முயலலாம் என்பது அவர் கருத்து. இந்தியாவில் 1958இல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கியது. இன்றைய ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தின் முன்னோடி அது. அங்கே பணியாற்றிய ஆர். கே. பன்சல் 1969இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். படித்த இந்தியர்களின் ஆங்கிலப் பேச்சைப் பதிவு செய்து பிரிட்டிஷ் மக்களிடம் ஓடவிட்டு, எவ்வளவு புரிந்தது என்று பார்த்தார். தொடர்பேச்சில் சராசரியாக ஏறத்தாழ 70 விழுக்காடு புரிந்தது. எது புரியாமல் போனது என்று அவர் தேடியபோது பெரிதாக வெளிப்பட்டவற்றில் ஒன்று, சொல்லில் அழுத்தம் தவறான அசையில் விழுவது.

பின்னர் 1995இல் கனடாவின் மரே மன்ரோவும் டிரேசி டெர்விங்கும் காட்டியது இன்னும் முக்கியமானது. ஒருவர் பேச்சில் அயல்சாயல் எவ்வளவு இருக்கிறது என்பதும், அவர் சொன்னது எவ்வளவு புரிந்தது என்பதும் வெவ்வேறு அளவைகள். மிகக் கனமான சாயலோடு பேசியவரின் ஒவ்வொரு சொல்லையும் கேட்டவர் சரியாக எழுதிக்கொடுத்த இடங்கள் பல. சாயலை அழித்தால்தான் புரியும் என்ற நம்பிக்கைக்கு அதன் பிறகு ஆதாரம் இல்லை. ஐரோப்பிய மொழித்தர அளவுகோலில் உச்சரிப்புப் பகுதியை 2018இல் திருத்தி எழுதியபோது, தாய்மொழிக்காரரைப் போல என்ற இலக்கைத் தள்ளிவிட்டுப் புரியும்தன்மையை நடுவில் வைத்தார்கள். ‘ஆக்சென்ட்டை அகற்றித் தருகிறோம்’ என்று நம் நகரங்களில் பலகை வைத்துக் கட்டணம் வாங்குவோர் எதை விற்கிறார்கள் என்பதை இதை வைத்து யோசிக்கலாம். ஒரு பிள்ளை தன் தாய்மொழியின் தடத்தை அவமானமாக எண்ணப் பழகுவதற்கு அங்கே காசு கொடுக்கிறது. எனக்கு அது தாங்க முடியாத கொடுமையாகத் தெரிகிறது.

விட்டுவிடலாம் என்பதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு, நாக்கைப் பற்களுக்கு இடையே நீட்டிச் சொல்லும் ஒலி. மூன்று, ஆயிரம், நன்றி ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களின் முதலொலி. நாம் அதற்குத் தகரம் போடுகிறோம். இதைத் திருத்த எத்தனையோ வகுப்புகள் வாரக்கணக்கில் செலவழிக்கின்றன. ஆனால் ஒரு சொல் தவறாகக் கேட்டால் நூற்றுக்கணக்கான உயிர் போகக்கூடிய ஆங்கிலம் ஒன்று இருக்கிறது: விமானிக்கும் தரைக்கட்டுப்பாட்டுக்கும் இடையில் நடக்கும் வானொலிப் பேச்சு. அதற்குப் பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விதித்திருக்கும் உச்சரிப்பில் மூன்று என்பது ‘ட்ரீ’, ஆயிரம் என்பது ‘டௌசண்ட்’. அந்த ஒலியைத் தெரிந்தே எடுத்துவிட்டார்கள். ஐந்தும் ஒன்பதும் இரைச்சலில் ஒன்றோடொன்று குழம்பும் என்பதால் ஒன்பதை ‘நைனர்’ ஆக்கினார்கள். அதே அமைப்பு விமானிகளுக்கு வகுத்த மொழித்தரத்தில், பணிக்குத் தகுதியான 4ஆம் நிலையில் தாய்மொழிச் சாயல் இருக்கலாம், அது சில நேரங்களில் மட்டுமே புரிதலைக் கெடுக்கலாம் என்றுதான் இருக்கிறது. பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000ஆம் ஆண்டில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத இருவர் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசும்போது எங்கே புரிதல் அறுகிறது என்று ஆராய்ந்து ஒரு சிறு பட்டியல் தந்தார். சொல்முதல் வல்லினத்தின் மூச்சு அதில் இருந்தது, உயிரின் நீளம் இருந்தது, வாக்கியத்தில் அழுத்தம் விழும் இடம் இருந்தது. பல்லிடை ஒலி இல்லை.

நம் டகரத்தையும் விட்டுவிடலாம். ஆங்கில அரிச்சுவடியின் 20ஆம் எழுத்தின் ஒலி பல்லின் வேரிலும் பிறப்பதில்லை, அண்ணத்தில் நாவை மடித்தும் பிறப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே, மேல்பல்லுக்குப் பின்னுள்ள மேட்டில் பிறக்கிறது. நாம் அதை டகரமாகக் கேட்டு டகரமாகச் சொல்கிறோம். புரிதல் கெடுவதில்லை. ஆனால் யாராவது திருத்திக்கொள்ள விரும்பினால் தமிழிலேயே வழி இருக்கிறது. றகரம் பிறக்கும் விதத்தைச் சொல்லும்போது தொல்காப்பியம் நுனிநா மேல்நோக்கிச் சென்று அண்ணத்தை ஒற்றும் என்கிறது. ரகர ழகரத்துக்கு வருடும் என்கிறது. அந்த ஒற்றும் றகரம் யாழ்ப்பாணத் தமிழில் ‘காற்று’, ‘நேற்று’ போன்ற சொற்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதனால்தான் ஈழத்தமிழர் ‘ரொறன்ரோ’, ‘கிரிக்கெற்’ என்று எழுதுகிறார்கள். தமிழகத்து வாசகர் சிலர் அதைப் பிழை என்று நினைப்பதுண்டு. ஆங்கில ஒலி பிறக்கும் இடத்துக்கு நம் டகரத்தைவிட அவர்கள் றகரமே நெருக்கமானது. அமெரிக்கர்களின் ரகரத்துக்கும் இப்படி ஒரு துணை உண்டு: நம் ழகரத்தைச் சொல்ல நாக்கை எங்கே வைக்கிறோமோ, அதை ஒட்டியே அது பிறக்கிறது.

இனி, விடவே முடியாதது. அழுத்தம்.

தமிழில் ஒரு சொல்லின் எந்த அசையை ஓங்கிச் சொன்னாலும் அந்தச் சொல் அதே சொல்தான். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ‘ரெக்கார்ட்’ என்பதில் முதல் அசை ஓங்கினால் பதிவு என்னும் பெயர், இரண்டாவது ஓங்கினால் பதிவு செய் என்னும் வினை. ‘போட்டோகிராஃப்’ முதலசையில் ஓங்கும், ‘போட்டோகிராஃபி’ இரண்டாவதில், ‘போட்டோகிராஃபிக்’ மூன்றாவதில். கேட்பவர் மனத்தில் சொற்கள் ஓங்கிய அசையை வைத்துத்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. ‘இண்டஸ்ட்ரி’யில் நடு அசையை ஓங்கினால் ஒவ்வோர் எழுத்தும் சரியாக ஒலித்தாலும் அவர் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார். ஜென்கின்ஸ் தன் பட்டியலில் சொல்லழுத்தத்தைச் சேர்க்கவில்லை. இந்த ஒரு இடத்தில் நான் பன்சல் பக்கம். நம் பிள்ளைகள் பேசப்போவது பிற அயல்மொழிக்காரர்களோடு மட்டும் இல்லை.

செவிலியர் பணிக்கு வெளிநாடு போகிறவர்களை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் 15க்கும் 50க்கும் இருக்கும் வேறுபாட்டில் பெரும்பங்கு அழுத்தமும் கடைசி அசையின் நீளமும்தான். 15இல் கடைசி அசை நீண்டு கனக்கும், 50இல் குறுகி மெலியும். இரண்டையும் சமமாகச் சொன்னால் மிஞ்சுவது கடைசியில் ஒரு னகர ஒற்று மட்டுமே. இரைச்சலான வார்டில் அது காதில் விழாமல் போகலாம். மருந்தின் அளவை வாயால் சொல்லும்போது ‘ஒன்று, ஐந்து’ என்று இலக்கம் இலக்கமாகவும் சொல்லுங்கள் என்று மருந்துப் பாதுகாப்பு வழிகாட்டிகள் வற்புறுத்துவது இதனால்தான். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யின் பேச்சுப் பகுதியில் புரியும்தன்மை தனி அளவையாகவே இருக்கிறது. ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் பொது ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியிலும் உச்சரிப்புக்கு நான்கில் ஒரு பங்கு. இரண்டுமே சாயலை அகற்றச் சொல்லவில்லை.

ஓங்கும் அசையைக் கற்பிப்பது பாதி வேலை. மற்ற அசைகளை ஒடுக்கக் கற்பிப்பது மீதி. ‘பனானா’ என்று நாம் மூன்று அசையையும் நிறைவாகச் சொல்கிறோம்; ஆங்கிலேயர் நடு அசையை மட்டும் விரித்து, முன்னும் பின்னும் உள்ள உயிர்களை நிறமற்ற ஒரு சிற்றொலியாகச் சுருக்கிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் உயிரொலி இந்தச் சிற்றொலிதான். அதற்கு எழுத்தே கிடையாது என்பதால் எழுத்தைப் பார்த்து ஆங்கிலம் கற்றவருக்கு அது இருப்பதே தெரிவதில்லை. நம் மாணவருக்கு இதைப் புதிய செய்தியாகச் சொல்ல வேண்டியதில்லை. குற்றியலுகரம், ஐகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம் எல்லாம் பள்ளியில் படித்தவர் அவர். இடம் பார்த்து ஒலி தன் மாத்திரையில் குறையும் என்ற எண்ணம் தமிழ் இலக்கணத்தில் நன்கு வேரூன்றியது. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே பள்ளியில் அடுத்தடுத்த வகுப்பறைகளில் இருந்தும் இதைப் பற்றி ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை.

சொல்லிலிருந்து வாக்கியத்துக்குப் போனால் இன்னும் சுவையான ஒன்று காத்திருக்கிறது. ‘நான்தான் நேற்று அவனிடம் சாவியைக் கொடுத்தேன்.’ ‘நான் நேற்றே கொடுத்தேன்.’ ‘சாவியைத்தான் கொடுத்தேன்.’ எதை வலியுறுத்துகிறோமோ அதன் பின்னால் ஒரு தானோ ஏகாரமோ வந்து உட்கார்ந்துகொள்ளும். கேள்வியிலும் அப்படியே: நீயா, நேற்றா, சாவியையா. குரலை உயர்த்தாமல், முகத்தைப் பார்க்காமல், எழுத்தில் படித்தாலும் புரியும். ஆங்கிலத்தில் இந்த வேலையைப் பெரும்பாலும் குரலே செய்கிறது. வாக்கியத்தின் சொற்கள் அப்படியே இருக்க, ‘ஐ’ என்பதை ஓங்கினால் நான்தான், ‘யெஸ்டர்டே’யை ஓங்கினால் நேற்றே, ‘கீ’யை ஓங்கினால் சாவியைத்தான்.

இது தெரியாதபோது தமிழர் என்ன செய்கிறார்? தானுக்கும் ஏகாரத்துக்கும் ஆங்கிலத்தில் சொல் தேடுகிறார். ‘ஐ ஒன்லி கேவ்’, ‘யெஸ்டர்டே இட்செல்ஃப்’ என்ற வடிவங்கள் இப்படிப் பிறந்தவை. நமக்குள் அவை நன்றாகவே புரிகின்றன. அவற்றை ஏளனம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வெளியூர்க்காரர் ‘ஐ ஒன்லி கேவ்’ என்பதைக் ‘கொடுத்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை’ என்று எடுத்துக்கொள்வார். இலக்கண வகுப்பில் இதைப் பிழை என்று சிவப்பு மையால் அடிக்கிறோம். உண்மையில் இது உச்சரிப்பு வகுப்பில் தீர வேண்டிய சிக்கல். தமிழ் வாக்கியத்தில் தான் எங்கே வருகிறது என்று மாணவரிடம் கேளுங்கள். அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் ஓங்கி, நீட்டி, குரலை ஏற்றி இறக்கிச் சொல்லச் சொல்லுங்கள். மற்றவற்றைத் தாழ்த்தச் சொல்லுங்கள். மூன்று தமிழ் வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி, ஒரே ஆங்கில வாக்கியத்தை மூன்று விதமாகச் சொல்ல வைக்கும் பயிற்சி இது. செலவு இல்லை, கருவி இல்லை, தமிழ் தெரிந்த ஆசிரியர் மட்டும் வேண்டும். ஆங்கிலம் மட்டுமே பேசும் வெளிநாட்டுப் பயிற்றுநரால் இந்தப் பாடத்தை நடத்த முடியாது.

வாய்க்கு முன்னால் காது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் கனடாவில் ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகளை வைத்து 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆறேழு மாதக் குழந்தைகள் இந்தியின் தகர டகர வேறுபாட்டைக் கண்டுகொண்டன. ஓராண்டு நெருங்கும்போது அந்தத் திறன் பெரிதும் போய்விட்டது. நமக்குப் பத்தும் பட்டும்போல் தெளிவான ஒன்று, வளர்ந்த ஆங்கிலேயர் காதில் விழுவதே இல்லை. நம் காதும் அப்படி எதையெதையோ முதல் ஆண்டிலேயே மூடிக்கொண்டுவிட்டது. பூட்டிவிட்டது என்று அர்த்தமில்லை. இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஜப்பானியருக்கு ரகர லகர வேறுபாட்டைக் கேட்கப் பயிற்சி கொடுத்த ஆய்வு 1991இல் வந்தது. பல குரல்களில், பல சொற்களில், ஒலி வெவ்வேறு இடங்களில் வரும்படி கேட்கவைத்து, சரியா தவறா என்று உடனுக்குடன் சொன்னார்கள். வளர்ந்தவர்களின் காது திருந்தியது. பின்னர் 1997இல் வந்த தொடராய்வு, கேட்கும் பயிற்சி மட்டுமே பெற்றவர்களின் பேச்சும் திருந்தியதைக் காட்டியது.

இதில் ஆசிரியர் கவனிக்க வேண்டியது ‘பல குரல்கள்’ என்பது. ஒரே ஆசிரியரின் குரலில் நூறு முறை கேட்டவர் அந்தக் குரலைக் கற்றுக்கொள்கிறார், வேறுபாட்டைக் கற்றுக்கொள்வதில்லை. இன்று ஒவ்வொரு கைபேசியிலும் ஒலியோடு கூடிய அகராதிகள் இருக்கின்றன. லண்டன் குரலோடு ஸ்காட்லாந்து, நைஜீரியா, சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ் குரல்களையும் கேட்கவைக்கலாம். அமெரிக்கக் குரலில் மட்டும் பழகிய பிள்ளை துபாயில் வேலைக்குப் போய் ஒரு பிலிப்பைன்காரரின் ஆங்கிலத்தில் திணறுவதற்கு அவசியமே இல்லை.

முதல் வகுப்பில் என்ன செய்வது என்று கேட்கும் ஆசிரியர்களுக்குப் பன்சலின் முறையைத்தான் சொல்வேன். மாணவர் ஒவ்வொருவரும் இருபது சொல், ஐந்து வாக்கியம் கைபேசியில் பதிவு செய்யட்டும். அதைத் தமிழ் தெரியாத ஒருவரிடம், முடிந்தால் இந்தியாவுக்கு வெளியே இருப்பவரிடம், அனுப்பிக் காதில் விழுந்ததை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுதி வந்த தாளையும் பேசிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சாயல் எவ்வளவு இருந்தாலும் அவர் சரியாக எழுதிவிட்ட சொற்களைத் தொட வேண்டாம். எங்கே வேறு சொல் எழுதியிருக்கிறாரோ, அதற்குக் காரணம் மூச்சா, நீளமா, அழுத்தமா என்று மாணவரோடு சேர்ந்து தேடுங்கள். அந்தச் சொற்களை வைத்தே அடுத்த வாரப் பாடத்தை எழுதிக்கொள்ளலாம்.